தார்ப் பாலைவனத்துக்கு முதல் லோடு: வாடகை பேசுவது முதல் பாக்கி வாங்குவது வரை

சங்ககிரியில் எங்களுக்கு இரண்டு வண்டிகள் ஓடுகின்றன. இரண்டும் பன்னிரண்டு சக்கர டாரஸ் லாரிகள். பல ஆண்டுகளாகப் பெங்களூரு, புனே, வாப்பி என்று ஒரே தடத்தில் ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். ஒரு மே மாதம், ராஜஸ்தானில் பலோதி மாவட்டத்துச் சூரிய மின் நிலையம் ஒன்றுக்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்து இரும்புச் சட்டங்கள் ஏற்றும் வாய்ப்பு வந்தது. டன்னுக்கு 5,000 ரூபாய், 24 டன், மொத்தம் 1,20,000 ரூபாய். தொகையைக் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். வண்டி வீடு திரும்ப 29 நாள் ஆனது. வண்டிக் கடனின் அந்த மாதத் தவணையை நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

அதன்பிறகு அந்தப் பக்கம் ஒன்பது நடை போய் வந்துவிட்டோம். இப்போது கை கடிப்பதில்லை. முதல் முறை போகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். தூரத்துக்கு ஆகும் செலவை யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கும் நாள்களும், காலியாக ஓடும் கிலோமீட்டர்களும்தான் பாலைவன நடையில் பணத்தை விழுங்குகின்றன. இந்த இரண்டையும் வாடகை பேசும்போதே பேசி முடியுங்கள்.

கீழே உள்ள தொகைகள் எங்கள் கணக்குப் புத்தகத்தில் இருப்பவை. டீசல், டோல் மாறும்போது நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தலையசைக்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே, தானே, சூரத், வதோதரா, அகமதாபாத், பாலன்பூர், பாலி, ஜோத்பூர் வழியாகப் பலோதிப் பக்கம் போய்ச் சேர ஏறத்தாழ 2,200 கி.மீ. 24 டன் லோடுடன் எங்களுக்கு ஆகும் செலவு இவ்வளவு:

டீசல், லிட்டருக்கு 4 கி.மீ. வீதம் 550 லிட்டர்: 50,000 ரூபாய்
டோல்: 15,000
டி.இ.எஃப். திரவம் (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல்): 2,000
இரண்டு டிரைவர்களின் சம்பளமும் பேட்டாவும்: 14,000
புக்கிங் கமிஷன் (லோடு பிடித்துத் தரும் ஆபீசுக்கு): 3,000
ஏற்றுகூலி, எடை மேடை, பார்க்கிங், சில்லறைச் செலவு: 4,000
டயர், ஆயில், சர்வீசுக்கு ஒதுக்குவது: 10,000

மொத்தம் 98,000. கையில் நிற்பது 22,000. இது லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வண்டியின் மாதத் தவணை 72,000, அதாவது நாளுக்கு 2,400. போய்ச் சேர எட்டு நாள் என்றால் 19,200 தவணைக்கே போய்விடும். போகும் நடை வண்டியின் கடனைக் கட்டும், அவ்வளவுதான். வருமானம், திரும்பி வரும்போது ஏற்றும் ரிட்டன் லோடில்தான் இருக்கிறது.

வண்டி ஒரு நாள் சும்மா நின்றால் தவணை 2,400, டிரைவர்களின் பேட்டா 1,000, ஆக 3,400 ரூபாய். ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) பேசும்போது இந்த எண் உங்கள் மனத்தில் இருக்க வேண்டும். உங்கள் தவணைக்கு ஏற்ப இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே போனை எடுங்கள்.

2. கடைசி 50 கிலோமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்

புக்கிங் ஆபீசில் 'பலோதி' என்றோ 'ஜெய்சல்மேர்' என்றோ ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லை நம்பி வாடகை பேசாதீர்கள். பலோதி ஊரிலிருந்து பட்லா சூரிய மின் பூங்காவுக்கு மட்டும் 80 கி.மீ. வரை போக வேண்டும். அந்தப் பூங்கா 2,245 மெகாவாட் திறன் கொண்டது. அதற்குள்ளேயே பல நிறுவனங்கள், பல வாசல்கள். பொக்ரான், ஃபதேகர் பக்கமும் இதே கதைதான். ஜெய்சல்மேர் மாவட்டம் கேரள மாநிலத்தின் பரப்பளவுக்கு ஏறக்குறைய சமம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வெறும் மாவட்டப் பெயர் எவ்வளவு பெரிய பொறி என்று புரியும்.

வாடகை பேசும் முன் கேட்க வேண்டியவை: இறக்கும் வாசலின் இருப்பிடக் குறி, வாசல் எண், அங்கே பொறுப்பில் இருப்பவரின் போன் எண், கடைசித் தார்ச் சாலையிலிருந்து வாசல் வரை என்ன பாதை, அதில் பன்னிரண்டு சக்கர வண்டி இந்த வாரம் போய் வந்ததா? கடைசிக் கேள்விக்கு 'வழி நன்றாக இருக்கிறது' என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். போய் வந்த டிரைவரின் எண்ணைக் கேளுங்கள். பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்குவழிகளை அங்கே நம்பவே கூடாது. ஒட்டகமும் டிராக்டரும் போகும் மணல் தடத்தைக்கூட அது சாலை என்று காட்டும். அந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பலோதி தாண்டினால் பல இடங்களில் சிக்னல் இருக்காது.

இறங்கும் இடம் பாகிஸ்தான் எல்லைப் பக்கம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. எல்லையோரக் காவல் நிலையப் பகுதிகள் சிலவற்றுக்குள் வெளியூர்க்காரர் போக உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி தேவை. அந்த அனுமதியை வாங்கித் தருவது சரக்கு அனுப்புகிறவரின் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள். டிரைவர்களின் ஆதார் நகலை அதற்காக முதலிலேயே அனுப்பிவிடலாம்.

3. வண்டியின் காகிதங்கள்

ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று), நேஷனல் பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, டிரைவர்களின் கனரக லைசென்ஸ். இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். நான் சொல்ல வருவது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, எல்லாச் சான்றும் புறப்படும் நாளிலிருந்து குறைந்தது 45 நாள் செல்லுபடியாக வேண்டும். பத்து நாளில் முடியும் நடை முப்பது நாள் இழுக்கும். புகைச் சான்று ஜோத்பூரில் காலாவதியானால் அங்கேயே எடுத்துவிடலாம், எஃப்.சி. முடிந்தால் ஊர் திரும்பும் வரை ஒவ்வொரு சோதனையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நேஷனல் பெர்மிட்டுக்கு ஆண்டுக் கூட்டுக் கட்டணம் 16,500 ரூபாய், அங்கீகாரக் கட்டணம் 1,000. அதன் முடிவுத் தேதியையும் பாருங்கள்.

இரண்டு, எல்லாம் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சட்டப்படி அது செல்லும். சிக்னல் இல்லாத இடத்தில் அதைத் திறந்து காட்ட முடியாது. எல்லாவற்றையும் வண்ண நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் இரண்டு செட் வையுங்கள். ஒன்று வாசலில் கொடுக்க, ஒன்று வண்டியில் இருக்க.

நேஷனல் பெர்மிட் வண்டி பிற மாநிலத்தில் ஓர் ஊரில் ஏற்றி அதே மாநிலத்தின் இன்னோர் ஊரில் இறக்கக் கூடாது. காலியாக நிற்கும்போது அங்குள்ள தரகர்கள் 'ஜோத்பூரிலிருந்து பிகானேருக்கு ஒரு லோடு இருக்கிறது, உடனே பணம்' என்று ஆசை காட்டுவார்கள். பிடிபட்டால் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

4. இ-வே பில்: இங்கேதான் பலர் விழுகிறார்கள்

இ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. அது 200 கி.மீ.க்கு ஒரு நாள் செல்லும் என்பது விதி. 2,200 கி.மீ. என்றால் 11 நாள். எட்டு நாளில் போய்விடலாம், மூன்று நாள் மிச்சம் என்று தோன்றும். சரக்கு ஒப்படைக்கப்படும் வரை அந்தப் பில் உயிருடன் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். எங்கள் வண்டி எட்டாம் நாள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே விட ஆறு நாள் ஆனது. பதினோராம் நாள் நள்ளிரவில் பில் முடிந்துபோனது, வண்டி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே.

நீட்டிக்க வழி இருக்கிறது. காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரைதான் அந்த வாய்ப்பு. அதைச் செய்ய வேண்டியவர் அந்தப் பில்லில் டிரான்ஸ்போர்ட்டராகப் பதிவாகியிருப்பவர். பெரும்பாலும் புக்கிங் ஆபீஸ். எனக்கு இது தெரியாது. நள்ளிரவில் நான் அழைத்தபோது அவர்கள் போனை எடுக்கவில்லை. காலை ஏழரை மணிக்கு எடுத்தார்கள். அரை மணி நேரம்தான் மீதம் இருந்தது.

பில் இல்லாமல் அல்லது தவறான பில்லுடன் பிடிபட்டால், சரக்கின் உரிமையாளர் முன்வந்து பொறுப்பேற்றாலும் வரியைப்போல இரு மடங்கு அபராதம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 18 சதவீத வரியுள்ள 20 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு வரி 3,60,000, அபராதம் 7,20,000. உங்கள் வாடகையைப்போல ஆறு மடங்கு.

ஆகவே, பில் கையில் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: வண்டி எண், இறக்கும் இடத்தின் பின்கோடு, முடிவுத் தேதி. முடிவுத் தேதியன்று மாலை நான்கு மணிக்குப் போனில் அலாரம் வையுங்கள். நீட்டித்துத் தரும் ஆளின் பெயரையும் எண்ணையும் ஏற்றும் நாளிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால், புது வண்டி எண்ணைப் பில்லின் இரண்டாம் பகுதியில் பதிந்த பிறகுதான் அந்த வண்டி நகர வேண்டும்.

5. எடை

பன்னிரண்டு சக்கர வண்டிக்கு 2018 முதல் மொத்த எடை 36 டன். வண்டி எடை போக 24 டன் வரை ஏற்றலாம். 'இன்னும் இரண்டு டன்தான், போகட்டும்' என்பார்கள். கூடுதல் எடைக்கு 20,000 ரூபாய், அதோடு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. இரண்டு டன்னுக்குக் கிடைக்கும் வாடகை 10,000, அபராதம் 24,000. கூடுதல் சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும் என்றும் சொல்வார்கள். மணல் பாதையில் அந்த இரண்டு டன் சக்கரத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துப் பழி வாங்கும். மணலில் இறங்கினால் என்ன செய்வது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஏற்றியதும் எடை போட்டுச் சீட்டை வாங்குங்கள். அங்கே எடை மேடையைக் 'காண்டா' என்றும், சீட்டைப் 'பர்ச்சி' என்றும், லாரி ரசீதைப் 'பில்ட்டி' என்றும் சொல்வார்கள். இந்த மூன்று சொற்கள் தெரிந்தால் பாதி வேலை நடக்கும்.

6. வண்டியைத் தயார் செய்யுங்கள்

முன் டயர் இரண்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ரிசோல் (ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த) டயரை முன்னால் போடவே போடாதீர்கள். வெயிலில் ரப்பர் உரிந்து பறக்கும். காற்று அழுத்தத்தை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். மதியம் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று காற்றை இறக்கினால், இரவில் அது குறைவாகி, மறுநாள் டயர் சூடேறி வெடிக்கும். இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இரண்டு.

ஏர் ஃபில்டர் ஒன்று கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். நம் ஊரில் மாதக்கணக்கில் தாங்குவது அங்கே ஒரு புழுதிப் புயலில் அடைத்துக்கொள்ளும். வண்டி இழுக்கவில்லை, டீசல் குடிக்கிறது என்று டிரைவர் சொன்னால் முதலில் அதைத்தான் திறக்க வேண்டும்.

ரேடியேட்டருக்குக் கூலண்ட் 10 லிட்டர் எடுத்துப் போங்கள். அங்கே பல இடங்களில் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே அரிக்கும், படியும். சில மாதம் கழித்துச் செலவாக வரும். எங்கள் டிரைவர் அண்ணன் ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். நாக்குக்கு ஆகாத தண்ணீர் எஞ்சினுக்கும் ஆகாது என்பது அவர் கணக்கு, அது சரியான கணக்கு.

குடிநீர் 60 லிட்டர். ஒரு கேன் எப்போதும் தொடப்படாமல் இருக்க வேண்டும்.

டி.இ.எஃப். திரவத்தைப் பெரிய நிறுவன பங்க்கில் மட்டும் வாங்குங்கள். 20 லிட்டர் கேன் இரண்டை நிழலில் வையுங்கள். சூட்டில் அதன் ஆயுள் குறையும். சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பதை ஊற்றி சென்சார் போனால் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடும், நடுப்பாலையில்.

தவிர: இரண்டு மண்வெட்டி, ஆறடி நீள இரும்புத் தகடு இரண்டு, இழுவைச் சங்கிலி, கெட்டித் தார்ப்பாய், நல்ல டார்ச். தகடு இரண்டும் பழைய இரும்புக் கடையில் 3,000 ரூபாய்க்குக் கிடைத்தன. அதுபோல் பயன்பட்ட பொருள் வேறில்லை.

7. எந்த மாதம், எந்த நேரம்

முதல் நடையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிகானேர், கங்காநகர் பக்கம் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம் இருக்கும். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு ஓட்டினால் போதும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிய, முதல் முறை போகிறவர் போகவே வேண்டாம் என்பேன். பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. நாங்கள் போனதும் மே மாதம்தான். பகல் பதினோரு மணிக்கு மேல் கதவின் கைப்பிடியைத் துணி இல்லாமல் தொட முடியவில்லை. இரும்புச் சட்டத்தை இறக்க வந்த தொழிலாளர்கள் பத்து மணிக்கே வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் உள்ளங்கையைக் காட்டினார்கள், கொப்புளம். யாரையும் குறை சொல்ல முடியாது.

கோடையில் போயே ஆக வேண்டும் என்றால், அதிகாலை நான்கு முதல் பத்து வரை, மாலை ஐந்து முதல் ஒன்பது வரை ஓட்டுங்கள். ஜோத்பூர் தாண்டிய பிறகு இரவு ஓட்டம் வேண்டாம். மாடு சாலையில் படுத்திருக்கும்; ஒட்டகம் நின்றிருக்கும். ஒட்டகம் உயரமானது, நிறம் மண்ணோடு ஒத்துப்போகும், விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிவது நான்கு மெல்லிய கால்கள் மட்டுமே. மோதினால் உடல் கண்ணாடி வழியாகக் கேபினுக்குள் வரும்.

புழுதிப் புயலை அங்கே 'ஆந்தி' என்பார்கள். அடிவானத்தில் பழுப்புச் சுவர் எழுவது தெரிந்ததும், உறுதியான இடம் பார்த்துச் சாலையை விட்டு முழுவதுமாக விலகி நிறுத்துங்கள். கண்ணாடியை ஏற்றி எஞ்சினை அணையுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் ஃபில்டர் அடைக்கும். சாலையோரமாகப் பாதி நிறுத்தினால் பின்னால் வருபவர் இடிப்பார். தார்ப்பாய்க் கயிற்றைக் காற்று வரும் முன்பே ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால், கோடையில் டிரைவரின் பேட்டாவைக் கூட்டிக் கொடுங்கள், மதியம் நிழலில் தூங்க நேரம் கொடுங்கள். 'எங்கே இருக்கிறாய், ஏன் நிற்கிறாய்' என்று ஜி.பி.எஸ். பார்த்து நச்சரிக்காதீர்கள். அந்த வெயிலில் எட்டிப் பிடிக்கும் ஒரு மணி நேரத்தில் லாபம் எதுவும் இல்லை.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. அவசரத்துக்கு 112.

8. மணலில் சக்கரம் இறங்கினால்

ஒற்றைத் தார்ச் சாலையில் எதிரே டிப்பர் வரும். வழிவிட இடது சக்கரங்களைக் கீழே இறக்குவீர்கள். மேல் மண் கெட்டியாகத் தெரியும். இரண்டு விரற்கடைக்குக் கீழே மாவுபோல மணல். எங்கள் வண்டி வாசலுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் இப்படித்தான் இறங்கியது. டிரைவர் முதல் கியரில் போட்டு முறுக்கினார். பத்து நொடியில் பின் அச்சு மணலைத் தொட்டுவிட்டது.

செய்ய வேண்டியது இது. சக்கரம் சுழல்வது தெரிந்த உடனே காலை எடுங்கள். இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக மணலை வெட்டி எடுங்கள். அச்சுக்கு அடியிலும் எடுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் தகட்டைச் செருகுங்கள். வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் எளிது, அந்த மண் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். மெதுவாக, ஒரே சீராக. இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு டிராக்டரையோ ஜே.சி.பி.யையோ அழையுங்கள். நாங்கள் நான்கு மணி நேரம் போராடிவிட்டுக் கடைசியில் 2,500 ரூபாய்க்கு டிராக்டர் பிடித்தோம். அதற்குள் கிளட்ச் தட்டு தேய்ந்துபோயிருந்தது. அந்தச் செலவு 18,000.

சக்கரத்துக்கு அடியில் போட மரக்கிளை தேடுவீர்கள். அங்கே நிற்கும் கேஜ்ரி மரம் நம் ஊர் வன்னிதான். அது ராஜஸ்தானின் மாநில மரம். பிஷ்னோய் மக்கள் அதை உயிராகப் போற்றுகிறார்கள். அதன்மீது கத்தி வைக்காதீர்கள். தகடு எடுத்துப் போகச் சொன்னது இதற்காகவும்தான்.

9. வாசலில் நிற்கும் நாள்கள்

முதல் நடையில் நாங்கள் வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தோம். காவலாளி டிரைவரின் காலைப் பார்த்தார், செருப்பு. பாதுகாப்பு ஷூ இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். பலோதிக்குத் திரும்பிப் போய் ஷூ வாங்கி வர ஒரு நாள். பிறகு ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை என்றார்கள். பிறகு கிரேன் வேறு வேலையில் இருந்தது. ஆறு நாள். ஹால்டிங் கேட்டபோது 'எழுத்தில் இருக்கிறதா?' என்று கேட்டார்கள். இல்லை. ஆறு நாளுக்கு 20,400 ரூபாய் என் கையிலிருந்து போனது.

பெரிய திட்ட இடங்களில் பொதுவாகக் கேட்பவை: இரண்டு டிரைவர்களுக்கும் ஹெல்மெட், பாதுகாப்பு ஷூ, ஒளிரும் மேலாடை, வண்டிக்கு ரிவர்ஸ் ஹாரன், சக்கரக் கட்டை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, காகித நகல்கள். எல்லாவற்றையும் ஊரிலேயே வாங்கிவிட்டால் 5,000 ரூபாய்க்குள் முடியும்.

ஏற்றும் முன்பே ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது எழுத்தில் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: வாசலுக்கு வந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு நாள் ஒன்றுக்கு 3,400 ரூபாய் ஹால்டிங், இறக்குகூலி யார் தலையில், மணலில் இறங்கினால் இழுவைச் செலவு யார் தலையில். வண்டி போய்ச் சேர்ந்ததும் வாசல் பதிவேட்டில் நேரம் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். லாரி ரசீதிலும் வந்த நேரம் எழுதி முத்திரை வாங்க வேண்டும். இது இல்லாமல் ஹால்டிங் பணம் வராது.

வாசலுக்குப் போய்ச் சேரும் நாள் திங்கள் முதல் புதன் வரை இருக்கும்படி புறப்படும் நாளை அமையுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்றால் அன்றே இறக்கும் வாய்ப்பு அதிகம்.

10. ரிட்டன் லோடு

சரக்கு இறங்கிய இடத்தில் ரிட்டன் லோடு கிடைக்காது. சுற்றிலும் மணலும் சூரிய மின் தகடுகளும்தான். எங்கே போய் ஏற்றுவது என்பதை ஓசூரிலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் அனுபவத்தில் மூன்று வழி.

கிஷன்கர், மக்ரானா பக்கம் மார்பிள். பலோதிப் பக்கத்திலிருந்து காலியாக ஏறத்தாழ 300 முதல் 350 கி.மீ. கிஷன்கர் பெரிய மார்பிள் சந்தை. தமிழ்நாட்டுக்கு லோடு அடிக்கடி கிடைக்கும். பலகை உடையும், ஆகவே கட்டுவதை டிரைவர் நின்று பார்க்க வேண்டும். காலி ஓட்டத்துக்கு டீசலும் டோலுமாக 7,500 ரூபாய் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜோத்பூரில் மணற்கல், குவார் கம் (கொத்தவரைப் பிசின்). வழியில்தான் இருக்கிறது, காலி ஓட்டம் குறைவு. தமிழ்நாட்டுக்கு நேரடி லோடுக்கு நாலைந்து நாள் காத்திருக்க நேரலாம்.

மூன்றாவது, குஜராத் வரை இறங்கி வருவது. உஞ்சாவில் சீரகம், சோம்பு, இசப்கோல், மோர்பியில் டைல்ஸ். காலி ஓட்டம் 500 கி.மீ.க்கு மேல் என்றாலும், தெற்கே வருவதால் அந்தத் தூரம் எப்படியும் திரும்பி வர வேண்டிய தூரம்தான். இப்போது நாங்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம்.

ராஜஸ்தானில் சுரங்கத்திலிருந்து கல், ஜிப்சம் ஏற்றினால் 'ரவன்னா' என்ற சுரங்கத் துறைச் சீட்டு இணையவழியில் போடப்படும். அதில் பதியும் எடை போக்குவரத்துத் துறைக்கும் தெரியும். அனுமதித்த எடைக்கு மேல் பதிவானால், சாலையில் யாரும் நிறுத்தாவிட்டாலும் பின்னர் வண்டி எண்ணின் மேல் சலான் ஏறும். எஃப்.சி. எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும். ரவன்னாவை வாங்கி எடையைப் படித்துப் பார்க்காமல் குவாரி வாசலைத் தாண்டாதீர்கள்.

மூன்று நாளுக்கு மேல் நல்ல லோடுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளுக்கு 3,400 வீதம் மூன்று நாளில் 10,200 போய்விடும். டன்னுக்கு 400 ரூபாய் குறைத்து இன்றே ஏற்றுவதும் அதுவும் ஒன்றுதான்.

11. பாக்கிப் பணம்

ஏற்றியதும் 80 சதவீதம் அட்வான்ஸ் கேளுங்கள். 70க்குக் கீழே இறங்காதீர்கள். டீசல் செலவு முழுவதும் முன்பணத்தில் அடங்க வேண்டும். உங்களிடம் பத்து சரக்கு வண்டிகளுக்கு மேல் இல்லை என்றால், பான் எண்ணுடன் அதற்கான உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். வாடகையில் வரி பிடிக்க மாட்டார்கள்.

சரக்கை ஒப்படைக்கும்போது லாரி ரசீதின் நகலில் கையெழுத்து, முத்திரை, தேதி, 'சரக்கு முழுமையாக வந்தது' என்ற வரி நான்கும் இருக்க வேண்டும். கட்டு எண்ணிக்கையை டிரைவர் இறக்குமிடத்திலேயே எண்ணி எழுதி வாங்கட்டும். எங்களுக்கு ஒரு முறை முத்திரை மட்டும் இல்லை. அதைச் சொல்லி 14,000 ரூபாயை நான்கு மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

ரசீதின் இருபுறத்தையும் அங்கேயே படம் எடுத்து, சிக்னல் கிடைத்த முதல் இடத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அசலை டிரைவர் கையில் கொண்டு வரக் காத்திருக்காமல், ஜோத்பூரிலிருந்து விரைவுத் தபாலில் புக்கிங் ஆபீசுக்கு அனுப்பிவிடுங்கள். வண்டி ரிட்டன் லோடுடன் ஊர் வந்து சேரும் முன்பே ரசீது போய்ச் சேர்ந்திருக்கும். அது கிடைத்த நாளிலிருந்து 15 நாளில் பாக்கி என்று முதலிலேயே பேசி வையுங்கள்; பதினாறாம் நாள் காலை போன் செய்யுங்கள்.